படுத்தபடியே 650 கிலோமீட்டர்! ராத்திரி ரயிலின் ரகசியங்கள் தெரியுமா?

பொழுது சாயும் நேரத்தில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்குள் நுழைந்து பாருங்கள்! கன்னியாகுமரி, முத்துநகர், நெல்லை, பொதிகை, பாண்டியன், மலைக்கோட்டை என்று நள்ளிரவு நெருங்கும்வரை தெற்கு நோக்கி ரயில்கள் கிளம்பிக்கொண்டே இருக்கும். அந்த நடைமேடையில் யாராவது “12637-ல வர்றேன்” என்று போனில் சொல்லிக் கேட்டதுண்டா? “பாண்டியன்ல ஏறிட்டேம்மா, காலைல வந்துருவேன்” என்பார்கள். கூட வருகிற சொந்தக்காரரைச் சொல்வதுபோல ரயிலைப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஊர் நம் ஊர்!

இரவுச் சாப்பாட்டை முடித்துச் சென்னையில் தலைசாய்த்தால், கண் விழிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே தாமிரபரணிச் சீமை. இடையில் சுமார் 650 கிலோமீட்டர் ஓடி முடிந்திருக்கும்! பகல் முழுக்க மிச்சம், விடுதி வாடகையும் மிச்சம். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? ஒரே பெட்டியில் ஒருவர் குழந்தைபோலத் தூங்கி எழுந்து தலைவாரி இறங்குகிறார். இன்னொருவர் கண் சிவந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். இருவரின் இரவையும் பிரித்தது பெரும்பாலும் டிக்கெட் எடுத்த அந்த ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் என்னவெல்லாம் பார்க்கலாம்? வாருங்கள், ஏறுவோம்!

வேகமான ரயில்தான் நல்ல ரயிலா?

பகலில் சரி. இரவில் சொல்ல முடியாது! முதலில் ஒரு ஆச்சரியம்: “சூப்பர்ஃபாஸ்ட்” என்ற பட்டம் வாங்க ஒரு ரயில் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் தெரியுமா? அகலப் பாதையில் சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டர். அவ்வளவுதான்!

இரவு ரயிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு இறக்கிவிடும்?” என்பதே. மூன்று மணிக்கு நடுச்சாமத்தில் இறக்கிவிடும் வேக ரயிலைவிட, ஆறு மணிக்கு டீக்கடை திறந்தபின் இறக்கிவிடும் மெதுவான ரயில் ஆயிரம் மடங்கு மேல். ரயிலைத் தேர்ந்தெடுக்கும் முன் விடியலைத் தேர்ந்தெடுங்கள்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து திருச்சி சுமார் 335 கிலோமீட்டர். ஐந்து, ஆறு மணி நேரம். ஒன்பது மணிக்குக் கிளம்பும் ரயிலில் ஏறினால் மூன்று மணிக்கெல்லாம் மலைக்கோட்டைக்குக் கீழே பையோடு நிற்பீர்கள். அதனால்தான் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் இரவு வெகுநேரம் கழித்துப் புறப்படுகிறது. மதுரை சுமார் 490 கிலோமீட்டர்; எட்டு மணி நேரம், ஒரு முழுத் தூக்கத்தின் அளவு! மதுரைக்குப் போகிறவர் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியாத இருட்டில் இறங்க வேண்டியிருக்கும். பாண்டியனோ மதுரையிலேயே முடிகிறது. உங்கள் ஊர் கடைசி நிலையமாக இருக்கும் ரயில் கிடைத்தால் விடாதீர்கள். அசந்து தூங்கிப்போனாலும் ரயில் உங்களைத் தாண்டிப் போகாது!

ஒரே திருச்சிக்கு இரண்டு பாதைகள் தெரியுமா?

விழுப்புரத்துக்குத் தெற்கே ரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. விருத்தாசலம், அரியலூர் வழியாக நேராகத் திருச்சிக்கு ஓடுவது ‘கார்டு லைன்’. கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று காவிரிக் கரையைச் சுற்றிக்கொண்டு போவது ‘மெயின் லைன்’. பாண்டியனும் நெல்லையும் முதல் பாதை. உழவன் எக்ஸ்பிரஸும் ராமேஸ்வரம் போகும் போட் மெயிலும் இரண்டாம் பாதை. இரண்டு ரயில்களும் ஒரே ஊருக்குப் போகின்றன என்று பேரை மட்டும் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். எந்த வழி என்றும் பாருங்கள். ஏறும் இடம் எழும்பூரா, தாம்பரமா, சென்ட்ரலா என்பதையும் ஒரு தடவை, இல்லை, இரண்டு தடவை பாருங்கள்!

நள்ளிரவு தாண்டினால் தேதியும் தாண்டிவிடும்!

எத்தனையோ குடும்பங்கள் ஏமாந்த இடம் இது. இரவு 12.20-க்கு ரயில். “பத்தாம் தேதி ராத்திரி ஊருக்குப் போறோம்” என்று வீடெல்லாம் பேச்சு. ஆனால் 12 மணி அடித்ததுமே தேதி 11 ஆகிவிட்டதே! பத்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தவரின் ரயில், அவர் பெட்டி கட்டத் தொடங்கும் முன்பே போயிருக்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ரயில் பத்தாம் தேதி இரவு சென்னையில் கிளம்பி, பதினொன்றாம் தேதி நடுநிசி ஒரு மணிக்கு உங்கள் ஊருக்கு வருகிறது என்று வையுங்கள். டிக்கெட்டில் தேதி 11. ஆனால் தட்கல் எப்போது திறக்கும் தெரியுமா? ரயில் புறப்படும் ஊரின் தேதிக்கு முந்திய நாள், அதாவது ஒன்பதாம் தேதி! பத்தாம் தேதி காலையில் உட்கார்ந்து தேடினால் இடமெல்லாம் பறந்திருக்கும்.

டிக்கெட் எண்ணுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது?

ஐந்து இலக்க ரயில் எண் 2010 டிசம்பரில் வந்தது. பாண்டியன் 12637, நெல்லை 12631, பொதிகை 12661, முத்துநகர் 12693, சேரன் 12673, நீலகிரி 12671. எல்லாமே 126 என்று தொடங்குவதைப் பார்த்தீர்களா? அந்த 6 தெற்குப் பக்கத்து ரயில் என்பதற்கான முத்திரை! திரும்பி வரும் ரயிலுக்கு அடுத்த எண்: போகும்போது 12637, வரும்போது 12638. பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணின் தொடக்க இலக்கங்களும் சும்மா வந்தவை கிடையாது. எந்த முன்பதிவு மையத்தின் கணினியில் அந்த ரயிலின் கணக்கு இருக்கிறது என்பதைச் சொல்பவை அவை.

60 நாள், 10 மணி, 11 மணி: இந்த மூன்றும் மனப்பாடமா?

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பே திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் பாதியாகிவிட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் போகிறவர்கள் இந்தக் கணக்கை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட வேண்டும்! தட்கல் முந்திய நாள் காலையில்: ஏ.சி. வகுப்புகளுக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி.

ஆர்.ஏ.சி. என்று வந்தால் மனம் உடைய வேண்டாம். அது பயணம் உறுதி, படுக்கை மட்டும் இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். ஒரு சைடு லோயரை இரண்டு பேர் இருக்கையாகப் பகிர்வீர்கள். யாராவது ரத்து செய்தால் ஒருவருக்கு முழு பெர்த் கிடைக்கும். டிக்கெட் எடுக்கும்போது ‘ஆட்டோ அப்கிரேடேஷன்’ என்றொரு கட்டம் வருமே, பார்த்ததுண்டா? மேல் வகுப்பில் இடம் காலியாக இருந்தால், கூடுதலாக ஒரு பைசா வாங்காமல் உங்களை அங்கே ஏற்றிவிடும் வசதி அது. ஸ்லீப்பருக்குப் பணம் கட்டியவர் தேர்டு ஏ.சி.யில் போர்வை போர்த்திப் போகும் அதிசயம் நிஜமாகவே நடக்கிறது!

ஐந்து வயது முதல் பன்னிரண்டுக்குள் குழந்தை இருந்தால் ஒன்றை முடிவு செய்யுங்கள். தனி பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. இரவுப் பயணத்தில் பத்து வயதுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் விழித்திருப்பதைவிட முழு டிக்கெட்டே நிம்மதி.

எஸ், பி, எம், ஏ, ஹெச்: பெட்டியின் எழுத்து என்ன சொல்கிறது?

எஸ் என்றால் ஸ்லீப்பர். ஜன்னல் திறக்கும், காற்று முகத்தில் அடிக்கும், ஒவ்வொரு நிலையத்தின் வாசமும் உள்ளே வரும். மார்கழியில் காதைக் கட்டிக்கொள்ளுங்கள். சித்திரையில் ரயில் நின்றால் வேர்க்கும். ஆனாலும் விழுப்புரத்தில் டீக்காரரின் குரலில் கண் விழிக்கும் சுகம் எஸ் பெட்டிக்காரருக்கு மட்டுமே!

பி என்றால் தேர்டு ஏ.சி. ஸ்லீப்பரைப் போலவே மூன்றடுக்குத்தான். குளிர், அமைதி, தலையணை, கம்பளி, விரிப்பு எல்லாம் கட்டணத்துக்குள். எம் என்றால் தேர்டு ஏ.சி. எகானமி, 2021-ல் அறிமுகமான இளைய பிள்ளை. அதே நீளப் பெட்டியில் சில பெர்த்துகளைக் கூடுதலாகப் பொருத்தி, கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்த வகுப்பு. இடம் சற்று நெருக்கம். ஆனால் ஒவ்வொரு பெர்த்துக்கும் தனிக் குளிர்காற்றுத் துவாரம், தனி விளக்கு! ஒல்லியானவர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நல்ல பேரம்.

ஏ என்றால் செகண்ட் ஏ.சி. இங்கே மிடில் பெர்த்தே கிடையாது! நிமிர்ந்து உட்காரலாம், திரை போட்டுக்கொள்ளலாம். முதுகு வலிக்காரர்கள், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்கள், விடிந்ததும் நேராக அலுவலகம் போகிறவர்கள் காசைப் பார்க்காமல் எடுக்க வேண்டியது இது.

ஹெச் என்றால் ஃபர்ஸ்ட் ஏ.சி. கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு. நான்கு பேருக்கு கேபின், இரண்டு பேருக்கு கூபே. எந்த அறை என்பது சார்ட் தயாரானபின்தான் தெரியும். அடுத்ததைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: கூபே அல்லது கேபின் முழுவதையும் எடுத்தால் உங்கள் வீட்டு நாய்க்குட்டியும் உங்களோடு பயணம் செய்யலாம்!

எட்டாம் வாய்ப்பாடு தெரிந்தால் பெர்த் தெரியும்!

ஸ்லீப்பரிலும் தேர்டு ஏ.சி.யிலும் எட்டு எட்டாகத்தான் படுக்கைகள். உங்கள் பெர்த் எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 1 அல்லது 4 என்றால் லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியே இல்லையென்றால் சைடு அப்பர். 43-ஐ வகுத்துப் பாருங்கள்: ஐந்து எட்டு நாற்பது, மீதி 3, அப்பர்! செகண்ட் ஏ.சி.யில் இதே விளையாட்டு ஆறாம் வாய்ப்பாட்டில்: 1, 3 லோயர், 2, 4 அப்பர், 5 சைடு லோயர், மீதியில்லை என்றால் சைடு அப்பர்.

பெட்டியின் வாசலை ஒட்டிய எண்கள், அதாவது மிகச் சிறியவையும் மிகப் பெரியவையும், கழிப்பறைக்கும் கதவுக்கும் பக்கம். ராத்திரி முழுக்கக் கதவு டப் டப் என்று அடிக்கும். பெட்டியின் இரு முனைகளுக்கும் கீழேதான் சக்கரத் தொகுதிகளும் இருக்கின்றன; குலுக்கலும் அங்கே அதிகம். ஆழ்ந்த தூக்கம் வேண்டுமா? நடு எண்களைப் பிடியுங்கள்!

ஒரே ரயிலில் இரண்டு விதத் தொட்டில்கள்!

இதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? உள்பக்க பெர்த்துகளில் நாம் ரயில் ஓடும் திசைக்குக் குறுக்காகப் படுக்கிறோம். சைடு பெர்த்தில் ரயில் ஓடும் திசையிலேயே படுக்கிறோம். ரயில் இடவலமாக ஆடும்போது, குறுக்கே படுத்தவர் தலைக்கும் காலுக்குமாக அசைகிறார்; சைடில் படுத்தவர் தூளியில் கிடப்பதுபோலப் பக்கவாட்டில் ஆடுகிறார்! ஆட்டம் மேலே போகப் போகக் கூடும். மரத்தின் உச்சிக்கிளைதானே அதிகம் ஆடும்! தலைசுற்றல் உள்ளவர்கள் அப்பரைத் தவிர்ப்பதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் யாருக்கு எது? சீக்கிரம் படுத்து, யாரும் எழுப்பாமல் தூங்க நினைப்பவருக்கு அப்பர் அரண்மனை. மிடில் பெர்த்தை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டுமே விரித்து வைக்க உரிமை. அதற்கு முன்னும் பின்னும் மூன்று பேரும் கீழே உட்கார வேண்டும். லோயர் வசதியானது, ஆனால் மற்றவர்கள் எழும்வரை நிமிர்ந்து உட்கார முடியாது. சைடு பெர்த்தின் இரு முனைகளிலும் தடுப்பு உண்டு. ஆறடி உயரக்காரர் கால் மடக்கித்தான் தூங்க வேண்டும். குறுக்கு பெர்த்தில் அவர் காலை நீட்டலாம். ஆனால் நடைபாதையில் போகிறவர்கள் இடித்துக்கொண்டே போவார்கள்!

லோயர் பெர்த்துக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு, தெரியுமா?

60 வயதைத் தொட்ட ஆண்கள், 45 வயதைத் தொட்ட பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்காக ஒவ்வொரு ஸ்லீப்பர் பெட்டியிலும் ஆறேழு லோயர் பெர்த்துகள் தனியாக ஒதுக்கி வைக்கப்படுகின்றன. இதில் ஒரு ரகசியம் உண்டு. ஒரே டிக்கெட்டில் பிள்ளைகள், பேரன்கள் எல்லாரையும் சேர்த்து எடுத்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. பெரியவர் தனியாகவோ, பெரியவர்கள் இருவர் மட்டுமோ இருக்கும் டிக்கெட்டுக்குத்தான் அது. அம்மா அப்பாவுக்குத் தனி டிக்கெட் எடுங்கள்! எக்ஸ்பிரஸ் ரயில்களின் ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று ஆறு படுக்கைகள் தனியாக உள்ளன; வயது வரம்பில்லை.

கணினி கொடுக்காததை மனிதர்கள் கொடுப்பதும் உண்டு. ஒருமுறை என் லோயர் பெர்த்துக்கு எதிரே ஓர் ஆச்சி மேல் பெர்த்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். “எய்யா, முட்டு வலி… மேல ஏற முடியாது. கீழ கொஞ்சம் குடுக்கியா?” கொடுத்தேன். விடிந்ததும் வாழையிலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, மிளகாய்ப் பொடி தடவிய இட்லியில் பாதியை என்னிடம் நீட்டினார். அந்த இட்லியின் ருசி இன்றுவரை நாக்கில் இருக்கிறது!

பெர்த் எண் 73 என்றால் பெட்டி புதுசு!

நம் பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நுட்பத்தில் கட்டிய பெட்டிகளில்தான் நாடே அரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கியது. அந்தப் பழைய வடிவத்தின் கடைசிப் பெட்டி வெளிவந்தது 2018 ஜனவரியில். இப்போது தயாராவது எல்.ஹெச்.பி. என்ற ஜெர்மானிய வடிவம்: துருப்பிடிக்காத எஃகு உடல், மோதினாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அமைப்பு.

வித்தியாசம் கண்டுபிடிக்க நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை! பழைய ஸ்லீப்பரில் 72 பெர்த், புதியதில் 80. பெட்டியும் இரண்டு மீட்டருக்கு மேல் நீளம் கூடி, ஏறத்தாழ இருபத்து மூன்றரை மீட்டர். ஆக, உங்கள் டிக்கெட்டில் 73 முதல் 80 வரை ஏதாவது எண் இருந்தால் நீங்கள் எல்.ஹெச்.பி.யில் போகிறீர்கள். தேர்டு ஏ.சி.யில் 64-ஐத் தாண்டிய எண் அதே சேதியைச் சொல்லும்! அடுத்த தலைமுறையும் வந்துவிட்டது: 16 பெட்டிகளில் 823 பேர் படுத்துப் போகும்படி வடிவமைக்கப்பட்ட வந்தே பாரத் ஸ்லீப்பர்.

மெத்தைக்கு ஒரு மந்திரி, குளிருக்கு ஒரு ஐஸ் கட்டி!

இன்று முதுகுக்கு இதமாக இருக்கும் அந்த ரெக்ஸின் மெத்தை ஒரு காலத்தில் இல்லை, தெரியுமா? இரண்டாம் வகுப்பில் வெறும் மரப்பலகைதான்! 1977-ல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, ஏழைகளின் முதுகும் முதுகுதான் என்பதுபோல, அந்தப் பலகைகளின் மேல் இரண்டு அங்குல நுரை மெத்தை போடச் செய்தார். இரண்டே அங்குலம்! அது எத்தனை கோடி இரவுகளை மாற்றியிருக்கும், நினைத்துப் பாருங்கள்.

குளிர்சாதனத்தின் கதை இன்னும் விசித்திரம். 1934-ல் பம்பாயிலிருந்து பெஷாவர் வரை ஓடிய ஃபிரான்டியர் மெயிலில், ஐஸ் கட்டிகளை வைத்து அதன்மேல் காற்றை ஊதிப் பெட்டியைக் குளிரவைத்தார்கள்! நாம் சாதாரணமாக நினைக்கும் தேர்டு ஏ.சி. பிறந்ததே 1993-ல்தான்.

சாதாரண வகுப்பில் கழிப்பறை? அதற்கும் ஒரு கதை சொல்வார்கள். 1909-ல் ஒகில் சந்திர சென் என்ற பயணி, அகமத்பூர் நிலையத்தில் ஒதுங்கப் போன நேரத்தில் ரயில் கிளம்பிவிட, கொதித்துப்போய் ரயில்வேக்கு எழுதிய கடிதம் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றிருக்கிறது. அங்கே தொடங்கிய கதை இன்று எங்கே வந்திருக்கிறது? ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பயோ டாய்லெட்டில், கழிவைத் தின்று கரைக்கும் நுண்ணுயிரிகள் நம்மோடு டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கின்றன!

‘தடக் தடக்’ தாலாட்டு எங்கே போனது?

தண்டவாளங்கள் 13 மீட்டர் துண்டுகளாக இருந்த காலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ஒரு தாளம் போடும். அந்தத் தாளத்திலேதான் ஒரு தலைமுறை தூங்கிப் பழகியது. இன்று பிலாய் ஆலையிலிருந்து 260 மீட்டர் நீளப் பாளங்களாகத் தண்டவாளம் வருகிறது. அவற்றையும் ஒன்றோடொன்று பற்றவைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இப்போது ரயில் தடதடக்காமல் வழுக்கிப் போகிறது! இன்னமும் நிலையம் நெருங்கும்போது, பாதை மாறும் இடத்தில் அந்தப் பழைய தாளம் ஒரு நிமிடம் கேட்கும். காது கொடுங்கள்.

இரவு 10, இரவு 11, 139!

பத்து மணிக்கு மேல் பெரிய விளக்கு அணைய வேண்டும், சத்தமாகப் பேசக்கூடாது, ஏற்கெனவே ஏறியவர்களை டி.டி.ஆர். கூட எழுப்பக்கூடாது. விதி அப்படி! இரவு 11 முதல் காலை 5 வரை செல்போன் சார்ஜ் போடும் மின்சாரத்தை நிறுத்தி வைப்பார்கள். எல்லாரும் தூங்கும் நேரத்தில் தீ விபத்து நேரக்கூடாது என்பதற்காக. ஆகவே சாப்பிடும்போதே சார்ஜ் ஏற்றுங்கள். நடுவழியில் இறங்க வேண்டுமா? 139-ஐ அழைத்து, இறங்கும் ஊர் வருமுன் எழுப்பிவிடச் சொல்லிவைக்கும் வசதி உண்டு. ஆபத்தென்றாலும் அதே 139 தான்.

விடியலுக்காகவே எடுக்க வேண்டிய டிக்கெட்டுகள்!

சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுங்கள். காலையில் மேட்டுப்பாளையம். அங்கே உங்களுக்காகவே காத்திருப்பதுபோல நீலகிரி மலை ரயில்! 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள், பல்சக்கரத்தால் பற்றி ஏறும் பாதை. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். இரவு ரயிலும் மலை ரயிலும் கைகோத்துக்கொள்ளும் இந்த அழகுக்கு ஈடேது!

அல்லது ராமேஸ்வரம் போகும் ரயில். 1914-ல் கட்டிய பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில், 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தின் மேல் கடலைக் கடப்பீர்கள். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும்! போட் மெயில் என்ற பேர் எப்படி வந்தது தெரியுமா? எழும்பூரில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பு போக முடிந்த காலம் ஒன்று இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் துடைத்தெறிந்தது. கப்பல் போனது, துறைமுகம் போனது. பேர் மட்டும் இன்னும் ஒவ்வொரு இரவும் எழும்பூரில் கிளம்பிக்கொண்டிருக்கிறது.

ஒரு இரவு போதாதா? கன்னியாகுமரியில் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். சுமார் 4,190 கிலோமீட்டர் தாண்டி அசாமின் திப்ருகரில் இறக்கிவிடும். இந்தியாவின் மிக நீண்ட ரயில் பயணம் அதுவே!

நீங்கள் தூங்க, யார் யார் விழித்திருக்கிறார்கள் தெரியுமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். நடுச்சாமம். போர்வைக்குள் நீங்கள். முன்னால் இன்ஜினில் லோகோ பைலட்டும் துணை பைலட்டும், ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். ஒருவர் கண் பார்த்ததை மற்றவர் கண்ணும் பார்த்துவிட்டதா என்று உறுதி செய்வதற்காக. ரயில் நிற்காத சின்னஞ்சிறு நிலையத்தில்கூட ஒருவர் பச்சை விளக்கைக் காட்டி “எல்லாம் சரி” என்கிறார். கடைசிப் பெட்டியிலிருந்து, கார்டு என்று நாம் பழகிய டிரெயின் மேனேஜர் பதில் விளக்கு காட்டுகிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை அரித்திருக்கிறதா என்று பார்க்க, கையில் விளக்கோடும் ஆபத்தென்றால் ரயிலை நிறுத்த வெடிச் சமிக்ஞையோடும் தண்டவாளத்தின் ஓரமாக ஒருவர் தனியாக நடந்துகொண்டிருக்கிறார். லெவல் கிராஸிங்கில் ஒருவர் கதவைப் பூட்டிவிட்டு இருட்டில் நிற்கிறார்.

எந்த ரயில், எந்த வகுப்பு, எந்த பெர்த் என்று அத்தனை கவனமாக நாம் தேர்ந்தெடுக்கிறோம். நம் இரவைக் காவல் காக்கும் இவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, பேர்கூடத் தெரியாது. அடுத்த முறை நடு இரவில் விழிப்பு வந்தால் ஜன்னலோரம் கொஞ்சம் பாருங்கள். ஏதோ ஒரு ஊர் பேரில்லாமல் ஓடி மறையும். அதன் நடைமேடை முனையில், ஒரு நொடி, ஒரு பச்சை வெளிச்சம் அசையும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுங்கள். விடியும்போது உங்கள் ஊர் வந்திருக்கும்!